மூன்றாம் வகுப்பில் ஒரு வாரம்

2022ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், வெள்ளிக்கிழமை, எங்கள் இளைய மகளின் பள்ளி நாட்குறிப்பேட்டில் இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, அச்சிட்டு ஒட்டப்பட்ட துண்டுத்தாள். மற்றொன்று, அதன் கீழே வகுப்பாசிரியை தம் கைப்பட எழுதியிருந்த ஒற்றை வரி. இயன்றபோது வந்து தம்மைப் பார்க்குமாறு இந்தியில் எழுதியிருந்தார்.

துண்டுத்தாளைப் படித்தபோது எங்களுக்கு உண்டானது சலிப்பே. குழந்தைகள் தினமான 14ஆம் நாள் திங்கள் தொடங்கி ஒரு வாரம், மூன்றாம் வகுப்பில் வழக்கமான பாடங்களைச் சற்றே குறைத்துக்கொண்டு, கற்றல், மனநலம், பகிர்தல் ஆகிய மூன்றுக்கும் நேரம் ஒதுக்கப் போவதாகவும், பெற்றோர் ஒத்துழைக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. ஒத்துழைப்பு என்னும் சொல்லுக்குப் பள்ளிக்கூடத்து அகராதியில் இரவு ஒன்பது மணிக்குக் கடைக்கு ஓடி வண்ண அட்டையும் பசையும் வாங்கி வருதல் என்று பொருள் என்பதை, பிள்ளை பெற்ற யாரும் அறிவர். ஆனால் தாளின் அடியில், சிவப்பு மையில், எந்தப் பொருளையும் புதிதாக வாங்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அதைக் கண்ட பிறகே தாளை மீண்டும் முதலிலிருந்து படித்தோம்.

கைப்பட எழுதிய மற்றொரு வரியின் காரணம் எங்களுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது வெட்கினோம். அதைச் சொல்வதற்கு முன் அந்த வகுப்புக் குழந்தைகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

2020 மார்ச்சில் தில்லிப் பள்ளிகள் மூடப்பட்டபோது அவர்கள் மழலையர் வகுப்பை அப்போதுதான் முடித்திருந்தார்கள். முதல் வகுப்பு முழுவதையும் கைப்பேசியின் சிறு சதுரத்துக்குள் படித்தார்கள். இரண்டாம் வகுப்பில், 2021 நவம்பரில் பள்ளி திறந்தது, புகைமூட்டத்தால் மூடியது, ஓமிக்ரான் அலையால் மூடியே கிடந்தது, 2022 பிப்ரவரியில் மறுபடியும் திறந்தது. அவ்வாண்டு ஏப்ரலில், மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகுதான், நாள்தோறும் ஒரே பலகையில் அருகருகே அமர்ந்தார்கள். அப்போதும் விட்டபாடில்லை. காற்று மிகவும் கெட்டதென்று நவம்பர் 5 முதல் தொடக்க வகுப்புகளை மூடி, 9ஆம் நாள்தான் திறந்தார்கள்.

அந்த இரண்டரை ஆண்டுகளில் நாங்கள் எங்கள் மகளுக்குக் கற்பித்தது என்ன என்று எண்ணிப் பார்த்தால் அச்சமாக இருக்கிறது. எவரிடமும் எதையும் வாங்காதே. எவருக்கும் எதையும் கொடுக்காதே. பக்கத்திலிருப்பவள் பென்சிலைத் தொட்டால் கை கழுவு. உன் சாப்பாட்டை நீ மட்டும் சாப்பிடு. உயிருக்கு அஞ்சிச் சொன்ன சொற்கள்தாம், அவற்றில் குற்றமில்லை. ஆயினும் ஐந்து வயதில் கேட்டவை எளிதில் அழிவதில்லை. அவள் சாப்பிடும்போது டப்பாவைச் சுற்றி இடது கையை மதில்போல் வளைத்துக்கொண்டே சாப்பிட்டாள். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள் என்று ஆசிரியை பின்னர் கூறினார்.

இதைக் கண்டு எங்களுக்குக் கவலை பிறந்தது. பிள்ளைக்கு ஈகைக் குணத்தை ஊட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம். அங்கேதான் தவறு நேர்ந்தது.

ராமகிருஷ்ணாபுரத்தில் எங்கள் அரசுக் குடியிருப்பின் முனையில், ஒரு வேப்பமரத்தடியில், இஸ்திரிக்காரர் ஒருவர் மேசை போட்டிருக்கிறார். உத்தரப் பிரதேசத்துக்காரர். எங்கள் கட்டடத்தில் எல்லாரும் அவரைப் பையா என்றே அழைப்போம். அவருடைய மகளும் எங்கள் மகளும் ஒரே வகுப்பு, ஒரே பிரிவு. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளும் சில சிறப்பு வகைப் பள்ளிகளும் தங்கள் முதல் வகுப்பில் குறைந்தது நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. அந்த வழியில் குலுக்கலில் இடம் பெற்றுச் சேர்ந்தவள் அந்தச் சிறுமி. பள்ளி மூடியிருந்த நாட்களில், தேய்த்து அடுக்கிய சட்டைகளின்மேல் தந்தையின் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, மரத்தடியில் நின்றபடியே அவள் பாடம் கேட்டதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.

நவம்பர் 6ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை குளிர்காலத் துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்தோம். எங்கள் மகளுடைய பள்ளி ஸ்வெட்டர் அவளுக்குக் கையெட்டாமல் போயிருந்தது. கருநீல நிறம், இடது கைப்பட்டையில் ஓரிடம் கிழிந்து, அதே நீல நூல் கிடைக்காமல், சற்று வெளிறிய நூலால் இழையோட்டியிருந்தோம். மற்றபடி நல்ல ஸ்வெட்டர். அந்தச் சிறுமி எங்கள் மகளைவிட உருவில் சிறியவள். மகளையும் கூட்டிக்கொண்டு மரத்தடிக்குச் சென்று, சிறுமியின் தாயார் கையில் அதைக் கொடுத்தோம். அத்துடன் நில்லாமல், திரும்பி வரும் வழியில் மகளுக்கு உபதேசமும் செய்தோம். அவர்கள் ஏழைகள், நம்மிடம் இருப்பதை இல்லாதவர்களுக்குத் தர வேண்டும், உன் ஸ்வெட்டர் இனி அவளுக்குக் கதகதப்பைத் தரும் என்றெல்லாம் பேசினோம். மகள் உள்ளம் நெகிழக் கேட்டாள். எங்களுக்கும் மனம் நிறைந்திருந்தது.

9ஆம் நாள் பள்ளி திறந்தபோது அச்சிறுமி அந்த ஸ்வெட்டரை அணிந்து வந்திருக்கிறாள். எங்கள் மகள், கைப்பட்டையில் இருந்த வெளிறிய தையலைச் சுட்டிக் காட்டி, பத்துப் பேர் கேட்க, இது என்னுடையது, நீங்கள் ஏழைகள் என்பதால் அம்மாவும் அப்பாவும் கொடுத்தார்கள் என்று சொல்லியிருக்கிறாள். கெட்ட எண்ணத்தால் அன்று. நல்ல செயலை நாலு பேர் அறியட்டும் என்றே சொல்லியிருக்கிறாள். மறுநாள் சிறுமி வெறும் சட்டையோடு வந்தாள். அதற்கு மறுநாளும் அப்படியே.

திங்கட்கிழமை காலை அலுவலகம் செல்லுமுன் நாங்கள் இருவரும் பள்ளிக்குப் போனோம். விரல் ரேகை பதியும் கருவி எங்களுக்காகக் காத்திராது என்ற எண்ணம் ஒருபுறம் அரித்துக்கொண்டிருந்தது. ஆசிரியை நடந்ததைக் கூறினார். குரலில் கடுமை இல்லை. "உங்கள் மகள் பொல்லாதவள் அல்லள். வீட்டில் கேட்டதைத்தான் இங்கே சொன்னாள்" என்றார். வேறெதுவும் சொல்லியிருந்தால் மறுமொழி கூறியிருப்போம். இதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. போய் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கட்டுமா என்று வினவினோம். வேண்டாம், அதுவும் ஒரு காட்சியாகிவிடும், இந்த வாரம் போகட்டும் பார்ப்போம் என்றார்.

அந்த வாரம் போன விதத்தை நாங்கள் மகளின் வாய்மொழியாகவும், பாதியை நேரிலும் அறிந்தோம்.

முதல் நாள் ஒன்றும் செய்யவில்லையாம். செய்யாமல் இருப்பதே அன்றைய பாடம். ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு காதில் விழும் ஓசைகளை எண்ண வேண்டும். தில்லி அரசு தன் பள்ளிகளில் மகிழ்ச்சிப் பாடத்திட்டம் என்ற ஒன்றை ஏற்படுத்தி, 2018 ஜூலை 2ஆம் நாள் தலாய் லாமாவைக் கொண்டு தொடங்கி வைத்தது பலருக்கு நினைவிருக்கலாம். மழலையர் முதல் எட்டாம் வகுப்பு வரை, நாளுக்கு ஒரு பாடவேளை, பாடநூலும் தேர்வும் இல்லாமல், மனத்தை ஒருநிலைப்படுத்தும் பயிற்சியும் கதையும் செயலுமாக அது அமைந்திருந்தது. எங்கள் மகளின் பள்ளி அத்திட்டத்தின்கீழ் வருவதன்று. எனினும் ஆசிரியை அதிலிருந்து இந்த ஓசை கேட்கும் பயிற்சியை எடுத்துக்கொண்டிருந்தார். மின்விசிறியின் கிரீச்சொலி, காக்கை, பாலம் நோக்கித் தாழ இறங்கும் விமானம், பின்பலகைப் பையன் மூக்கை உறிஞ்சியது ஆகிய நான்கையும் எங்கள் மகள் எண்ணி வந்தாள். அன்றிரவு எங்களையும் உட்கார்த்தி வைத்துவிட்டாள். எங்களுக்குக் கேட்டவை அடுத்த வீட்டுக் குக்கரும், எங்களுள் ஒருவரின் மூட்டு முறிவதும். இருவரும் ஐந்து நிமிடம் பேசாமல் சேர்ந்து உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று என்ற எண்ணமும் வந்தது.

இரண்டாம் நாள், பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, தமக்குத் தெரிந்த ஒன்றை மற்றவருக்குக் கற்பிக்க வேண்டும். யாருக்கு யார் என்பதை ஆசிரியை சீட்டுக் குலுக்கி முடிவு செய்தாராம். எங்கள் மகளுக்கு வாய்த்தவள் இஸ்திரிக்காரரின் மகள். சீட்டில் ஆசிரியையின் கை இருந்ததா என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் மகள் அவளுக்கு ழகரத்தைக் கற்பிக்க முயன்று தோற்றிருக்கிறாள். தில்லியிலே பிறந்த எங்கள் மகளுக்கே அது ஐயத்துக்குரிய எழுத்து. அந்தச் சிறுமியோ சட்டை மடிக்கக் கற்பித்திருக்கிறாள். சட்டையைக் குப்புறப் போட வேண்டும், தோள்களை உட்புறமாக மடக்க வேண்டும், கைகளை முதுகின்மேல் நேராகக் கிடத்த வேண்டும், பின்னர் கீழிருந்து மேலாக இரண்டே மடிப்பு. கழுத்துப்பட்டையை ஒருபோதும் அழுத்தக் கூடாது. அன்று மாலை எங்கள் வீட்டு அலமாரியிலிருந்த சட்டைகள் அனைத்தும் வெளியே வந்து, மடிக்கப்பட்டு, மீண்டும் உள்ளே சென்றன. இருபது ஆண்டுக் குடித்தனத்தில் அப்படியோர் ஒழுங்கை அந்த அலமாரி கண்டதில்லை. "அவளுக்கு இது எப்படித் தெரியும்?" என்று மகள் வியந்தாள். வியந்தாள் என்பதை நாங்கள் மனத்துக்குள் குறித்துக்கொண்டோம்.

மூன்றாம் நாளான புதன்கிழமை எங்கள் நினைவில் ஆழப் பதிந்திருக்கிறது. அன்று மதிய உணவு வேளையில் வகுப்பின் நடுவே ஒரு துப்பட்டியை விரித்து, அத்தனை டப்பாக்களையும் திறந்து வைத்தார்களாம். கை கழுவிவிட்டு, தம் டப்பாவைத் தவிர வேறெதிலிருந்தும் எடுத்து உண்ணலாம். தன்னுடையதை மட்டும் உண்ணக் கூடாது. முதல் சில நிமிடங்கள் ஒருவரும் கை நீட்டவில்லை. சிலர் பிறர் கை தங்கள் டப்பாவை நெருங்கியதும் மூடியை மூடினார்கள். அப்போது ஆசிரியையே தரையில் அமர்ந்து, யாருடையது என்று கேளாமல் ஒரு ரொட்டியை எடுத்து, யாருடையது என்று கேளாமல் ஊறுகாயில் தோய்த்துத் தின்றார். பிறகு கைகள் நீண்டன. எங்கள் வீட்டு மிளகாய்ப்பொடி இட்டலி இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோயிற்று. அதைத் தின்ற சர்தார்ப் பையன் ஒருவன் கண்ணீர் வழியத் தண்ணீருக்கு ஓடினான்.

மகள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்களுள் ஒருவர் எழுந்து சாளரத்தின் அருகே போய் நின்றுகொண்டார். அவருக்குத் தம் ஊர்த் தொடக்கப் பள்ளி நினைவு வந்துவிட்டது.

பள்ளியில் பிள்ளைக்குச் சோறிடும் வழக்கம் தமிழகத்தில் நெடுங்காலத்தது. சென்னையில் 1920இல் தியாகராயச் செட்டியார் நகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளி ஒன்றில் அது தொடங்கிற்று. 1956இல் காமராசர் அதை மாநிலமெங்கும் கொண்டு சென்றார். அக்காலத்தில் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியும் அதில் பெரிது. அரசின் பணம் மட்டுமன்றி ஊராரின் அரிசியும் பருப்பும் விறகும் சேர்ந்து வெந்த சோறு அது. அதன் பின் வந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் பெஞ்சும் கடிகாரமும் தண்ணீர்ப் பானையும் கொண்டுவந்து குவித்ததைப் பெரியவர்கள் சொல்ல நாங்கள் கேட்டிருக்கிறோம். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் எங்கள் தலைமுறையினுடையது.

எங்களுள் அந்த ஒருவர் அச்சத்துணவை உண்டு வளர்ந்தவர். சோற்றைப் பற்றி அவருக்குக் குறையில்லை. சுடச்சுட இருக்கும் என்பார். அவர் பயந்தது தட்டுக்கு. வீட்டிலிருந்து அலுமினியத் தட்டைப் பையில் கொண்டுவர வேண்டும். நடக்கும்போது பலகையில் பட்டு அது ஓசை எழுப்பும். மணியடித்ததும் வசதியுள்ள பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள்; தட்டு வைத்திருப்பவர்கள் மட்டும் வரிசையில் நிற்பார்கள். ஓசை கேளாதிருக்கத் தட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுசென்ற நாட்கள் உண்டாம். ஒருநாள் தலைமையாசிரியரே தம் வீட்டிலிருந்து ஒரு தட்டைக் கொண்டுவந்து, அந்த வரிசையின் கடைசியில் நின்று, பிள்ளைகளுடன் அமர்ந்து உண்டார். அது முதல் துண்டு தேவைப்படவில்லை. இத்தனை ஆண்டுகளில் இதை எங்களுள் மற்றவர் கேட்டதே அன்றுதான்.

அந்தத் தட்டின் ஓசையை அறிந்தவர் வீட்டிலிருந்தா அந்த ஸ்வெட்டர் அப்படிக் கொடுக்கப்பட்டது என்ற வினாவை நாங்கள் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றிரவு விளக்கை அணைத்த பின்னும் இருவரும் விழித்திருந்தோம்.

வள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமும், அதனை அடுத்தே ஈகை என்று ஓர் அதிகாரமும் வைத்திருக்கிறார். பி.ஏ. வகுப்பில் படித்தபோது இரண்டும் கொடுப்பதைத்தானே சொல்கின்றன, எதற்கு இரண்டு என்று தோன்றியது. தேர்வில் ஒன்றுக்கான விடையை மற்றதற்கு எழுதித் தப்பித்ததும் உண்டு. ஈகை இல்லாதவர்க்குத் தருவது. ஒப்புரவுக்கு அவர் காட்டும் உவமைகளோ ஊருணியும், ஊர் நடுவில் பழுத்த மரமும், மருந்து மரமும். ஊருணியில் நீர் மொண்டவர் எவரும் தலைகுனிந்து வீடு திரும்புவதில்லை. அது அவருடைய ஊருணியுமாகும். நாங்கள் மகளுக்கு ஈகையைக் கற்பிக்கப் போனோம். ஆசிரியை துப்பட்டியை விரித்து வேறொன்றைக் கற்பித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை ஒரு பெரிய அட்டைப்பெட்டி வைக்கப்பட்டது. ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒரு பொருளைச் செய்தித்தாளில் சுற்றி, பெயர் எழுதாமல், அதில் போட வேண்டும். பின்னர் ஒவ்வொருவரும் கண்டிப்பாக ஒன்றை எடுக்க வேண்டும். எனக்கு வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் இடமில்லை. முந்தைய இரவு நாங்கள், பயன்படாமல் கிடந்த தண்ணீர்ப் புட்டி ஒன்றை எடுத்து நீட்டினோம். மகள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "வேண்டாததைக் கொடுக்கக் கூடாதாம். வேண்டியதைத்தான் கொடுக்கணுமாம்" என்றாள். வெகுநேரம் யோசித்துத் தன் 24 நிற வண்ணப் பென்சில் பெட்டியை எடுத்தாள்; சிவப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று ஒருமுறை திறந்து பார்த்தாள்; மூடிவிட்டாள். அவளுக்கு எடுக்கக் கிடைத்தவை ஐந்து கோலிக்குண்டுகள், அவற்றில் ஒன்று உடைந்தது. எவர் கொடுத்தவை என்று அவளுக்குத் தெரியாது. ஒரு மாதம் அவற்றுடனேயே உறங்கினாள்.

வெள்ளிக்கிழமை மாலை பெற்றோர் கூடினோம். பழந்துணிகளைக் கூஞ்ஜ் என்னும் அமைப்புக்குத் திரட்டித் தருவது என்பது முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. 1999இல் தில்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய அமைப்பு இது. இப்பணிக்காக 2015இல் அவருக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. நகரத்தில் திரட்டிய துணிகளை அவர்கள் சிற்றூர்களுக்குக் கொண்டு செல்கிறார்கள்; ஆனால் சும்மா கொடுப்பதில்லை. ஊரார் தங்கள் ஊருக்கே கிணறு தோண்டியோ, பாதை செப்பனிட்டோ, குளம் தூர்வாரியோ உழைக்கிறார்கள். அவ்வுழைப்புக்கு உரிய மதிப்பாகத் துணி சேர்கிறது. பெறுபவர் கூலியாகப் பெறுகிறாரே அன்றிப் பிச்சையாகப் பெறுவதில்லை.

குழந்தைகளுக்கான குட்டிப் பெஞ்சுகளில் முழங்கால்கள் நெஞ்சில் முட்ட நாங்கள் அமர்ந்திருந்தோம். இஸ்திரிக்காரரும் அவர் மனைவியும் கதவோரம் அமர்ந்திருந்தார்கள். மேசைமேல் துணிகள் மலையாகக் குவிந்தன. துவைக்கப்பட்டவைதாம், ஆனால் மூட்டையாகக் கட்டிப் பரணில் கிடந்து கசங்கியவை. பொத்தான் இல்லாதவை, நாடா இல்லாதவை எல்லாம் இருந்தன. பார்க்க நன்றாயில்லை என்று ஆசிரியையே முகம் சுளித்தார்.

இஸ்திரிக்காரர் எழுந்து வந்தார். ஒரு சட்டையை எடுத்துத் தோளைப் பிடித்து உதறிப் பார்த்தார். "இப்படி அனுப்பக் கூடாது ஜி. நான் தேய்த்துத் தருகிறேன். இரண்டு நாள் கொடுங்கள்" என்றார். உயர் பதவியிலிருக்கும் ஒரு தந்தை, நல்லெண்ணத்துடனேதான், உருப்படிக்கு இவ்வளவு என்று நாங்கள் பங்கு போட்டுக் கொடுத்துவிடுகிறோம் என்றார். பையா சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "எல்லாப் பெற்றோரும் ஏதாவது தர வேண்டும் என்று மேடம் எழுதி அனுப்பினார். எனக்கும்தான் எழுதி அனுப்பினார்" என்றார். அந்தத் தந்தை பணப்பையை உள்ளே வைத்துக்கொண்டார். சொன்னவர் அவர், ஆனால் அதைச் சொல்ல நாங்களும் வாயெடுத்திருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

சனி, ஞாயிறு இரு நாட்களும் வேப்பமரத்தடியில் வேலை நடந்தது. வழக்கமான வாடிக்கைத் துணிகளைக் காலையில் முடித்துவிட்டுப் பிற்பகலில் இந்தக் குவியலைத் தொட்டார். ஆறேழு கிலோ எடையுள்ள கரி இஸ்திரிப்பெட்டியை அவர் முன்னும் பின்னும் ஓட்டுவதைத் தினமும் கடந்து போயிருக்கிறோம், நின்று பார்த்ததில்லை. பெட்டியின் சூட்டை விரலால் தெளித்த ஒரு துளி நீரின் ஓசையைக் கொண்டே அறிகிறார். பருத்திக்கு ஒரு சூடு, நைலானுக்கு ஒரு சூடு. கரி தணியத் தணியத் துணியின் வகையை மாற்றிக்கொள்கிறார். அவர் மனைவி பொத்தான் தைத்தார். எங்களுள் ஒருவர் நீர் தெளித்தார். ஒருவர் நாடா கோத்தார். இருவருமே அவ்வேலைகளுக்குத் தகுதியற்றவர்கள் என்பது விரைவில் வெளிப்பட்டது. "பாபுஜி, தண்ணீர் ஊற்றாதீர்கள், தெளியுங்கள்" என்று இருமுறை கேட்க நேர்ந்தது. மடிக்கும் பொறுப்பு இரு சிறுமிகளுடையது. மரத்தின் மறுபுறத்தில் பாய் விரித்து அமர்ந்து, ழகரத்தையும் கோலிக்குண்டையும் பற்றிப் பேசிக்கொண்டே மடித்தார்கள். எண்ணியபோது மொத்தம் நூற்று நாற்பதுக்கு மேல் இருந்தது.

ஞாயிறு மாலை குவியலின் அடியிலிருந்து அந்தக் கருநீல ஸ்வெட்டர் வந்தது. துவைத்து உலர்த்திய ஸ்வெட்டர். இடது கைப்பட்டையில் எங்கள் வெளிறிய தையல். அவர்கள் வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமை கொண்டுவந்து மேசைமேல் வைத்த துணிகளுள் அதுவும் ஒன்று என்பது புரிய எங்களுக்குச் சற்று நேரம் ஆயிற்று. சிறுமி அன்று அணிந்திருந்தது புதியதொரு நீல ஸ்வெட்டர், ஒரு சுற்றுப் பெரியது. வார இறுதியில் வாங்கியிருக்க வேண்டும். அவள் தாயார் எங்களைப் பார்க்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். பையா ஸ்வெட்டரின்மேல் ஈரத் துணியைப் பரப்பி, பெட்டியை அழுத்தாமல், ஆவியில் மட்டும் காட்டி எடுத்து, மடிப்பதற்காகப் பாயின்மேல் வைத்தார்.

எங்கள் மகள் அதைக் கையிலெடுத்தாள். கைப்பட்டையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஸ்வெட்டரைக் குப்புறப் போட்டு, தோள்களை உட்புறமாக மடக்கி, கைகளை முதுகின்மேல் நேராகக் கிடத்தி, கீழிருந்து மேலாக இரண்டு முறை மடித்து, அடுக்கின்மேல் வைத்தாள். அடுத்த சட்டையை அந்தச் சிறுமி அவள் பக்கம் தள்ளினாள்.

மறுநாள் காலை, துணிமூட்டைகள் பள்ளிக்குப் போன பிறகு, பையா வழக்கம்போல் எங்கள் கதவைத் தட்டினார். அலுவலகத்துக்கான சட்டைகள் நான்கும் கால்சட்டைகள் இரண்டும் கொடுத்தோம். சென்ற வாரப் பாக்கியையும் சேர்த்துக் கணக்குச் சொன்னார். எண்ணிக் கொடுத்தோம், எண்ணி வாங்கிக்கொண்டார்.